ஆர்எஃப் பவர் சென்சார் கேலிப்ரேஷன்: ரெண்டு சதவீதத்தை ஒரு சதவீதத்துக்கு இறக்குறது எப்படி

கேலிப்ரேஷன் லேப்ல வேலை பாக்குறவங்க யாரோட பேசினாலும் கடைசில ஒரே இடத்துலதான் வந்து நிப்போம், "மைக்ரோவேவ் பவர்ல எங்க அன்சர்ட்டன்டி (அளவு எவ்வளவு தப்பா இருக்கலாம்ங்கிற எல்லை) ரெண்டு சதவீதத்துக்குக் கீழ இறங்க மாட்டேங்குது, புது மீட்டர் வாங்கணும் போல". வாங்காதீங்க. காசு இருந்தா வாங்கிக்கோங்க, வேணாம்னு சொல்லல, ஆனா அதுக்கு முன்னாடி இப்ப பெஞ்சுல கிடக்குற சாமானை வச்சே அந்த ரெண்டைப் பாதியாக்க முடியும். மீட்டர்ல இருந்து வர்ற பிழை அந்தக் கணக்குல கடைசி பெஞ்சு மாணவன் மாதிரி, சத்தமே போடாது. சத்தம் போடுறது வேற ரெண்டு பேர், மிஸ்மேட்ச்சும் (பொருத்தம் சரியில்லாம பவர் திரும்பி ஓடுறது) கனெக்டரும்.

நான் எடுத்துக்கிற கேஸ் இதுதான். டைப் என் கனெக்டர், 10 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 18 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும், லெவல் 1 மில்லிவாட். ஸ்டாண்டர்டா ஒரு தெர்மிஸ்டர் மவுண்ட் (சூட்டால ரெசிஸ்டன்ஸ் மாறுறதை வச்சு பவரை அளக்குற சென்சார்), எச்பி 8478பி மாதிரி, கூட அதைப் படிக்கிற 432ஏ பிரிட்ஜ் மீட்டர். யுயுசியா, அதாவது நாம கேலிப்ரேட் பண்ண வேண்டிய சாமானா, கஸ்டமர் குடுத்த ஒரு தெர்மோகப்புள் சென்சார். நடுவுல ஒரு பவர் ஸ்ப்ளிட்டர், அதோட ஒரு கையில நிரந்தரமா மாட்டின மானிட்டர் சென்சார், இன்னொரு கைதான் டெஸ்ட் போர்ட். டெஸ்ட் போர்ட்ல முதல்ல ஸ்டாண்டர்டை மாட்டி மானிட்டரோட ரேஷியோ எடுக்கணும், அப்புறம் யுயுசியை மாட்டி ரேஷியோ எடுக்கணும், அவ்வளவுதான் சிஸ்டம். டைரக்ட் கம்பேரிசன்னு சொல்றது இதைத்தான்.

முதல்ல நாம எதை அளக்குறோம்னு தெளிவா இருக்கணும், இங்கயே பாதி பேர் குழப்பிக்கிறாங்க. சென்சார் வாசல்ல 1 மில்லிவாட் வந்து நிக்குதுன்னா அதுல கொஞ்சம் திரும்பி ஓடிடும், கொஞ்சம் மவுண்டோட சுவர்லயும் காண்டாக்ட்லயும் சூடாகி வீணாப் போகும், மிச்சம்தான் உள்ள இருக்கிற எலிமென்ட்டைப் போய்ச் சேரும். திரும்பிப் போறதை ரிஃப்ளெக்ஷன் கோஎஃபிஷியன்ட் சொல்லும், நாங்க காமான்னு சுருக்கமா சொல்வோம். உள்ள வீணாகுறதை எஃபெக்டிவ் எஃபிஷியன்ஸி சொல்லும். ரெண்டும் சேர்ந்ததுதான் கேலிப்ரேஷன் ஃபேக்டர், அதாவது எஃபிஷியன்ஸி × (1 − காமா ஸ்கொயர்). எஃபிஷியன்ஸி 0.98, காமா 0.1ன்னா கேலிப்ரேஷன் ஃபேக்டர் 0.9702. 1 மில்லிவாட் வந்தா சென்சார் 0.97 மில்லிவாட்னுதான் சொல்லும், மிச்சத்தை நாம கணக்குல சேர்த்துக்கணும்.

இந்த எஃபிஷியன்ஸியை அடிமட்டத்துல இருந்து அளக்குறது நம்ம வேலை இல்ல, நேஷனல் லேப் வேலை, இந்தியாவுல அது டெல்லில இருக்கிற என்பிஎல். பல நாட்டு நேஷனல் லேப்கள்லயும் இதுக்கு வச்சிருக்கிறது மைக்ரோகலோரிமீட்டர். தெர்மிஸ்டர் மவுண்டை ஒரு மூடின பாத்திரத்துக்குள்ள வச்சு, ஆர்எஃப் (ரேடியோ ஃப்ரீக்வென்சி சிக்னல்) குடுக்கும்போதும் குடுக்காதபோதும் மொத்த மவுண்ட் எவ்வளவு சூடாகுதுன்னு தெர்மோபைல்ல பாப்பாங்க. பிரிட்ஜ் சொல்ற பவருக்கும் உண்மையில உண்டான சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சுவர்ல போன நஷ்டம். ஒவ்வொரு ஃப்ரீக்வென்சி பாயிண்ட்டுக்கும் சூடு நிதானத்துக்கு வர காத்துக் கிடக்கணும், பொறுமைசாலிங்க செய்யுற வேலை. அந்தப் பொறுமையோட பலன் நமக்கு சர்டிஃபிகேட்ல ஒரு நம்பரா வருது, அதை நம்ம பெஞ்சுல கெடுக்காம கஸ்டமர் சென்சார் வரைக்கும் கொண்டு சேர்க்கிறதுதான் நம்ம பொழப்பு.

வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து இப்ப எங்க நிக்கிறோம்னு எழுதிப் பாருங்க. ஒரு மாதிரிக் கணக்கு சொல்றேன், உங்க நம்பரைப் போட்டுக்கோங்க. ஸ்டாண்டர்டோட சர்டிஃபிகேட்ல 0.8 சதவீதம், கே = 2ன்னு (அதாவது ரெண்டு சிக்மா எல்லை) இருக்கு, அப்ப ஒரு சிக்மா 0.4. ஸ்ப்ளிட்டரோட சோர்ஸ் மேட்ச் (டெஸ்ட் போர்ட் உள்ள இருந்து அலை திரும்புற அளவு) காமா 0.05, ஸ்டாண்டர்டோடது 0.08, யுயுசியோடது 0.1. மிஸ்மேட்ச்சோட எல்லை 2 × காமா × காமா, அப்ப ஸ்டாண்டர்டுக்கு 0.8 சதவீதம், யுயுசிக்கு 1 சதவீதம், இது யு ஷேப் டிஸ்ட்ரிப்யூஷன்கிறதால ரூட் 2ஆல வகுத்தா 0.57, 0.71. கனெக்டர் ரிப்பீட்டபிலிட்டி 0.15, மீட்டர் 0.1, டிரிஃப்ட் 0.1, பிரிட்ஜ் 0.05. எல்லாத்தையும் ஸ்கொயர் பண்ணிக் கூட்டி ரூட் எடுத்தா 1.02, கே = 2க்கு 2.0 சதவீதம். இப்ப மீட்டரை மொத்தமா தூக்கிட்டு பிழையே இல்லாத தங்க மீட்டர் ஒண்ணு வச்சதா நினைச்சுக்கோங்க, 0.1 காணாமப் போகும், மொத்தம்? 2.0 தான். ரெண்டாவது டெசிமல்லதான் அசையும். ரெண்டு மிஸ்மேட்ச்சையும் தூக்கிப் பாருங்க, 0.9க்கு வந்துடும். இதுக்கு மேல நான் தனியா சொல்ல வேண்டியதில்ல, எங்க கை வைக்கணும்னு தெரிஞ்சிருக்கும்.

மிஸ்மேட்ச்சை ஏன் எல்லாரும் அப்படியே பட்ஜெட்ல போட்டுட்டு விட்டுடறாங்கன்னா காமாவோட அளவு மட்டும்தான் கையில இருக்கும், ஃபேஸ் இருக்காது. ஃபேஸ் தெரியாதப்ப, வர்ற அலையும் திரும்புற அலையும் கூடுதா கழியுதான்னே தெரியாது, அதனால ரெண்டு பக்கமும் எல்லை வச்சு பயந்துக்கிறோம். 0.05ம் 0.1ம் பெருக்கினா 0.005, ரெண்டும் ஒரே ஃபேஸ்ல இருந்தா |1 − 0.005|² அதாவது 0.990, எதிர் ஃபேஸ்ல இருந்தா 1.010. உண்மையான பதில் இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரே ஒரு நம்பரா உக்காந்திருக்கு, அது ரேண்டம் கிடையாது, நாம பாக்கலங்கிறதுக்காக மட்டும் அதை அன்சர்ட்டன்டின்னு கூப்பிடுறோம். லேப்ல விஎன்ஏ (அளவையும் ஃபேஸையும் சேர்த்து அளக்குற வெக்டர் நெட்வொர்க் அனலைசர்) இருந்தா அதை வச்சு ஃபேஸோட அளந்துட்டா அது கரெக்ஷனா மாறிடும். பல லேப்ல விஎன்ஏ பக்கத்து ரூம்லயே இருக்கும், பவர் செக்ஷன்காரங்க போய்க் கேக்க மாட்டாங்க, இது என்ன கௌரவப் பிரச்சனையோ தெரியல.

ஸ்ப்ளிட்டர் விஷயத்துக்கு வருவோம், இதுலதான் நான் நல்லா அடி வாங்கினேன். ஸ்ப்ளிட்டர்ல ரெண்டு ஜாதி. ரெண்டு ரெசிஸ்டர் வச்சது ஒண்ணு, ஒவ்வொரு வெளியேறும் கையிலயும் ஒரு 50 ஓம். மூணு ரெசிஸ்டர் வச்சது இன்னொண்ணு, ஒவ்வொரு கையிலயும் 16.7 ஓம். ரெண்டும் 6 டிபி (ஒவ்வொரு கைக்கும் கால் பங்கு பவர்தான் வரும்), ரெண்டும் பாக்க ஒரே மாதிரி டப்பா, மூணு டைப் என் கனெக்டர். முன்னாடி நான் இருந்த ஒரு லேப்ல டிராயர்ல இருந்து எடுத்த ஸ்ப்ளிட்டரை வச்சு ஒரு வாரம் ரீடிங் எடுத்தோம், ஃப்ரீக்வென்சி மாற மாற ரிசல்ட் அலை அலையா ஆடுது, சென்சார் மேல சந்தேகம், கேபிள் மேல சந்தேகம், கடைசில என் மேலயே சந்தேகம். அது மூணு ரெசிஸ்டர் டப்பா. லேபிள் உதிர்ந்து போயிருந்தது.

ஏன் ஆடுச்சுன்னு கணக்குப் போட்டா ரொம்ப அழகா வரும். மானிட்டர் கையை ரெஃபரன்ஸா வச்சு ரேஷியோ எடுக்கும்போது, டெஸ்ட் போர்ட் உள்ள பாக்குறப்ப தெரியுற சோர்ஸ் மேட்ச் வெறும் எஸ்22 கிடையாது, அது எஸ்22 − (எஸ்21 × எஸ்32 ÷ எஸ்31). இதுல 1 இன்புட், 2 டெஸ்ட் போர்ட், 3 மானிட்டர்; எஸ்21னா 1ல விட்ட அலை 2ல எவ்வளவு வெளிய வருது, எஸ்22ன்னா 2ல விட்டது 2லயே எவ்வளவு திரும்புது. ஐடியல் ரெண்டு ரெசிஸ்டர் ஸ்ப்ளிட்டர்ல எஸ்22 = 0.25, எஸ்21ம் எஸ்31ம் 0.5, எஸ்32 = 0.25. போட்டா 0.25 − 0.25 = 0. விஎன்ஏல அந்தப் போர்ட்டை நேரா அளந்தா எஸ்டபிள்யூஆர் (1ன்னா எதுவும் திரும்பல, கூடக் கூட மோசம்) 1.67னு காட்டும், பாக்குறவன் "இது என்னடா மோசமான ஸ்ப்ளிட்டர்"னு தூக்கிப் போட்டுடுவான், ஆனா ரேஷியோ மெஷர்மென்ட்டுக்கு அது பர்ஃபெக்ட். மூணு ரெசிஸ்டர்ல தலைகீழ், எஸ்22 = 0, பாக்க பத்தரைமாத்துத் தங்கம், ஆனா மிச்சம் மூணும் 0.5, அப்ப 0 − 0.5 = −0.5. எஸ்டபிள்யூஆர் 3. காமா 0.1 இருக்கிற சென்சார் மாட்டினா மிஸ்மேட்ச் எல்லை 10 சதவீதம். என் ஒரு வாரம் அங்கதான் போச்சு.

மூணு ரெசிஸ்டர் டிவைடர் கெட்ட சாமான் இல்ல, ஒரு சிக்னலை ரெண்டு 50 ஓம் லோடுக்குப் பிரிச்சுக் குடுக்க அதுதான் சரி. நம்ம வேலைக்கு ஆகாது, அவ்வளவுதான். கண்டுபிடிக்க விஎன்ஏ கூட வேணாம், சாதா மல்டிமீட்டர் போதும், ரெண்டு வெளியேறும் போர்ட்டோட நடு பின்னுக்கு நடுவுல ஓம் பாருங்க. 100 ஓம் காட்டினா ரெண்டு ரெசிஸ்டர், 33 ஓம் காட்டினா மூணு ரெசிஸ்டர். ப்ரோபை நேரா கனெக்டர் ஓட்டைக்குள்ள குத்தாதீங்க, ஒரு பழைய கேபிள் மாட்டி அந்த முனையில அளந்துக்கோங்க.

இப்ப நிஜ ஸ்ப்ளிட்டரோட சோர்ஸ் மேட்ச்சை ஃபேஸோட எடுக்கணும். மேல சொன்ன ஃபார்முலால எஸ் பாராமீட்டர் நாலையும் போட்டு எடுக்கலாம், ஆனா கவனிச்சீங்கன்னா 0.25ல இருந்து 0.25ஐக் கழிக்கிறோம். பெரிய ரெண்டு நம்பரைக் கழிச்சு சின்ன நம்பர் எடுக்கும்போது ரெண்டோட பிழையும் அப்படியே தலையில விழும், எஸ்22ல 0.005, பின்னாடி இருக்கிற டெர்ம்ல 0.005 பிழைன்னா பதில்ல 0.007, நாம தேடுறதே 0.05தான். இதுக்கு 1997ல அமெரிக்காவோட நேஷனல் லேப்பான நிஸ்ட்ல இருந்த ஜான் ஜூரோஷெக் ஒரு வழி எழுதினார், யோசிச்சா சிரிப்பு வர்ற அளவுக்கு எளிமை. ஸ்ப்ளிட்டரோட 1ம் 3ம் விஎன்ஏ போர்ட்ல மாட்டுங்க, 2ஆம் போர்ட்டைத் திறந்து விடுங்க. இப்ப அந்த ஸ்ப்ளிட்டரே ஒரு ரிஃப்ளெக்டோமீட்டர் ஆயிடுச்சு. 2ல ஓப்பன், ஷார்ட், லோட் மாட்டி மூணு தடவையும் 1ல இருந்து 3க்குப் போற டிரான்ஸ்மிஷனை அளந்து, ஒரு சாதாரண ஒன் போர்ட் கேலிப்ரேஷன் கணக்குப் போடுங்க, மூணு எரர் டெர்ம் வரும்ல, அதுல சோர்ஸ் மேட்ச் டெர்ம்தான் நமக்கு வேண்டிய நம்பர். கழித்தல் கிடையாது, பிழை கேலிப்ரேஷன் கிட்டோட தரத்தைப் பொறுத்தது மட்டும். மானிட்டர்ல மாட்டியிருக்கிற சென்சாரோட காமா இதுல வரவே வராது, அதனால மானிட்டர் சென்சார் அழகா இருக்கணும்னு அவசியமில்ல, ஆடாம இருந்தா போதும். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தா போதும், ஆனா டெஸ்ட் போர்ட் கனெக்டரை மாத்தினா திரும்ப எடுத்தே ஆகணும்.

அடுத்தது கனெக்டர். இதை யாருமே சீரியஸா எடுக்கறதில்ல, ஆனா நாசம் பண்றது இதுதான். ஐபிஏவுல (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) லேசா நனைச்ச, பஞ்சு நூல் விடாத ஸ்வாப்ல திருகு மரைப் பகுதியையும் மேட்டிங் ஃபேஸையும் துடைங்க, நடு பின்னை வளைக்காதீங்க, காத்து அடிச்சுக் காய விடுங்க. அப்புறம் கனெக்டர் கேஜ். டைப் என்ல ஃபீமேல் காண்டாக்ட் ரெஃபரன்ஸ் பிளேன்ல இருந்து 0.207 இன்ச்சுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, ஆண் கனெக்டர் (மேல்) பக்கம் அதுக்குக் குறைஞ்சு உள்வாங்கியிருக்கக் கூடாது. நீட்டிக்கிட்டு இருந்தா நடு கண்டக்டர் ரெண்டும் முட்டிக்கும், ஒருத்தரோட சென்சார் இன்னொருத்தரோட சென்சாரைக் கொல்றது இப்படித்தான். கஸ்டமர் சென்சார் வந்த உடனே, பெஞ்சுக்குப் போறதுக்கு முன்னாடி கேஜ் பண்ணி ரிஜிஸ்டர்ல எழுதுங்க, ஃபெயிலானா ஸ்டாண்டர்ட் போர்ட்ல மாட்டாதீங்க, கஸ்டமர் எவ்வளவு சத்தம் போட்டாலும் சரி. 75 ஓம் டைப் என் கனெக்டர் ஒண்ணு எங்கயாவது சுத்திக்கிட்டு இருக்கான்னும் பாருங்க, அதோட ஃபீமேல் ஓட்டை சின்னது, 50 ஓம் ஆண் பின் போனா விரல் எல்லாம் விரிஞ்சு அதோட கதை முடிஞ்சது.

மாட்டும்போது சென்சார் உடம்பைச் சுத்தாதீங்க, நட்டை மட்டும் சுத்துங்க. பாட்டில் மூடி மாதிரி சென்சாரையே திருகுறவங்களைப் பாத்திருக்கேன், வயிறு எரியும். உள்ள பின்னு பின்னோட உரசி உரசி தேய்ஞ்சு போகும். கடைசில டார்க் ரெஞ்ச், பிரிசிஷன் டைப் என்னுக்கு 1.35 நியூட்டன் மீட்டர். 3.5 மில்லிமீட்டருக்கு 0.9, ரெண்டுக்கும் ஒரே ரெஞ்ச்னு நினைக்காதீங்க. ரெஞ்ச் "டக்"னு மடங்கினதும் நிறுத்திடணும், "இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே"ன்னு ஒரு இழுப்பு இழுக்குற பழக்கம் நம்ம ஊர்ல எல்லார் கையிலயும் இருக்கு.

ஸ்டாண்டர்ட் பக்கம் இப்ப. 432ஏ மீட்டரோட முகத்துல இருக்கிற முள்ளை நம்பாதீங்க, பின்னாடி ரெண்டு பிஎன்சி இருக்கு, ஒண்ணு ஆர்எஃப் பிரிட்ஜ் வோல்டேஜ், இன்னொண்ணு காம்பன்சேஷன் பிரிட்ஜ் வோல்டேஜ். பிரிட்ஜ் என்ன செய்யுதுன்னா தெர்மிஸ்டரை எப்பவும் 200 ஓம்லயே பிடிச்சு வைக்குது, ஆர்எஃப் வந்து சூடாக்கினா அந்த அளவுக்கு டிசி பவரைக் குறைச்சுக்கும். குறைஞ்ச டிசிதான் வந்த ஆர்எஃப். இதை டிசி சப்ஸ்டிட்யூஷன்னு சொல்வாங்க, மொத்த ஆர்எஃப் பவர் அளவையும் வோல்ட்டும் ஓமுமா மாத்திக் குடுக்குற வித்தை இது. காம்பன்சேஷன் வோல்டேஜை விகாம்ப், விகாம்ப்ல இருந்து ஆர்எஃப் பிரிட்ஜ் வோல்டேஜைக் கழிச்ச வித்தியாசம் ஆர்எஃப் இல்லாதப்ப வி0, இருக்கிறப்ப வி1ன்னு வச்சுக்கோங்க. அப்ப பவர் = [2 × விகாம்ப் × (வி1 − வி0) + வி0² − வி1²] ÷ 800.

இங்க ஒரு சின்ன விஷயம் பெருசா உதவும். விகாம்ப் 4.9 வோல்ட்டுன்னு வைங்க, 1 மில்லிவாட் வந்தா வித்தியாசம் சுமார் 82 மில்லிவோல்ட். ரெண்டு 4.9 வோல்ட்டையும் தனித்தனியா அளந்து அப்புறம் கழிச்சா, டிவிஎம்ல (டிஜிட்டல் வோல்ட்மீட்டர்) 10 பிபிஎம் (பத்து லட்சத்துல பத்து பங்கு) பிழைன்னா ஒவ்வொண்ணுலயும் 50 மைக்ரோவோல்ட், 82 மில்லிவோல்ட்ல அது 0.06 சதவீதம், போனாப் போகுது. ஆனா 0.1 மில்லிவாட்ல வித்தியாசம் 8 மில்லிவோல்ட்தான், அதே 50 மைக்ரோவோல்ட் இப்ப 0.6 சதவீதம். அதனால டிவிஎம்மோட ப்ளஸ்ஸை ஒரு பிஎன்சியோட நடு பின்லயும் மைனஸை இன்னொண்ணோட நடு பின்லயும் குடுத்து வித்தியாசத்தை நேரா அளங்க, அதுக்கு ஃப்ளோட்டிங் இன்புட் இருக்கிற டிவிஎம் வேணும். வித்தியாசத்தை மைக்ரோவோல்ட்ல பிடிச்சுட்டா விகாம்ப்பை நாலு டிஜிட் கரெக்டா அளந்தாலே போதும். செலவு, ஒரு கேபிள் சோல்டர் பண்ற நேரம்.

தெர்மிஸ்டர் சூட்டை அளக்குற சாமான், அதுக்கு ஆர்எஃப் சூடு எது கை சூடு எதுன்னு தெரியாது. காம்பன்சேஷன் பிரிட்ஜ் ரூம் டெம்பரேச்சர் மாறுறதைத்தான் சமாளிக்கும், மவுண்டோட ஒரு பக்கத்தைக் கையால பிடிச்சா வர்ற சாய்வான சூட்டை முழுசா சமாளிக்காது. மாட்டிட்டுக் கையை எடுத்த உடனே வி0வைப் பாருங்க, ஓடிக்கிட்டே இருக்கும், அதை ஒரு தடவை உக்காந்து கண்ணால பாத்தாதான் புரியும், கடைசி டிஜிட் கீழ கீழன்னு நழுவி நழுவி அப்புறம் மெதுவாத் தயங்கி நிக்கும். நின்னதுக்கு அப்புறம்தான் அளவு. நான் மவுண்ட் மேல தெர்மோகோல்ல வெட்டின ஒரு பெட்டியைக் கவுத்து வைப்பேன், ஏசி காத்து நேரா அடிக்காது. வந்து பாக்குற ஆடிட்டர்கள் முதல்ல சிரிப்பாங்க, டிரிஃப்ட் பிளாட்டைக் காட்டினா அப்புறம் சிரிக்க மாட்டாங்க. சிஸ்டத்தை முதல் நாள் சாயங்காலமே ஆன் பண்ணி விட்டுட்டுப் போயிடுங்க. கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டா மறுபடி முதல்ல இருந்து, அதுல சமரசம் கிடையாது.

வி0வை ஒரு தடவை மட்டும் எடுக்காதீங்க. ஆர்எஃப் ஆஃப், ஆன், ஆஃப், இப்படி மூணு எடுத்து முன்னாடி பின்னாடி இருக்கிற ஆஃப் ரெண்டோட சராசரியை வி0வா வைங்க, நேரா ஓடுற டிரிஃப்ட் அப்படியே கேன்சல் ஆயிடும். ஆஃப்னா ஜெனரேட்டர்ல ஆர்எஃப் ஆஃப் பட்டன், கேபிளைக் கழட்டுறது இல்ல, கழட்டினா திரும்ப கனெக்டர் ரிப்பீட்டபிலிட்டி உள்ள நுழைஞ்சுடும்.

சிக்னல் ஜெனரேட்டர் பத்தி சுருக்கமா. ரேஷியோ எடுக்கிறதால அது கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்ல, லெவல் ஆக்யுரசி வேணாம். ஆனா ஹார்மானிக்குக்கு (குடுத்த ஃப்ரீக்வென்சியோட மடங்குல வர்ற வேண்டாத சிக்னல்) மட்டும் பயப்படுங்க. −30 டிபிசி (மெயின் சிக்னலை விட 30 டிபி கீழ) ஹார்மானிக் பவர்ல 0.1 சதவீதம், தெர்மிஸ்டரும் தெர்மோகப்புளும் அதை அந்த 0.1 ஆகத்தான் பாக்கும், ஆனா டையோட் சென்சார் −20 டிபிஎம்முக்கு மேல ஸ்கொயர் லாவை (அவுட்புட் பவருக்கு நேர் விகிதமா இருக்கிற பகுதி) விட்டு வெளிய வந்ததும் வோல்டேஜோட உச்சியைப் பாக்க ஆரம்பிக்கும், அப்ப அதே ஹார்மானிக் வோல்டேஜ்ல 3 சதவீதம், ஃபேஸைப் பொறுத்து ரீடிங் சில சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். யுயுசி டையோடுன்னா லோ பாஸ் ஃபில்டர் போடுங்க, கேள்வியே வேணாம். ஸ்ப்ளிட்டர் 6 டிபி சாப்பிடும், டெஸ்ட் போர்ட்ல 0 டிபிஎம் வேணும்னா இன்புட்ல +6, மேல 18 ஜிகாஹெர்ட்ஸ்ல கேபிள் நஷ்டம் தனி, ஜெனரேட்டர்ல அவ்வளவு வருதான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

இனி அளவு. ஸ்டாண்டர்டை மாட்டி ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிலயும் ஸ்டாண்டர்ட் ÷ மானிட்டர் ரேஷியோ எடுங்க. கழட்டி, 120 டிகிரி திருப்பி மாட்டி மறுபடி. இன்னொரு 120. மூணு தடவை. யுயுசிக்கும் அதே மூணு. அந்த மூணோட சிதறல்தான் உங்க நிஜ கனெக்டர் ரிப்பீட்டபிலிட்டி, பழைய பட்ஜெட்ல இருந்து காப்பி அடிச்ச நம்பர் இல்ல. அப்புறம்:

யுயுசி ஃபேக்டர் = ஸ்டாண்டர்ட் ஃபேக்டர் × (யுயுசி ரேஷியோ ÷ ஸ்டாண்டர்ட் ரேஷியோ) × (யுயுசி மிஸ்மேட்ச் ÷ ஸ்டாண்டர்ட் மிஸ்மேட்ச்)

இதுல மிஸ்மேட்ச்னா |1 − ஸ்ப்ளிட்டர் காமா × சென்சார் காமா|², காமா எல்லாம் காம்ப்ளெக்ஸ் நம்பரா, அளவும் ஃபேஸும் சேர்த்து. ஸ்ப்ரெட்ஷீட்ல டிகிரியை ரேடியனா மாத்த மறந்துடாதீங்க, நான் மறந்திருக்கேன், ரிசல்ட் பாக்க நியாயமாவே இருந்தது, அதுதான் ஆபத்து.

இன்னொரு பொறி. யுயுசி மாட்டியிருக்கிற மீட்டர்ல கேலிப்ரேஷன் ஃபேக்டரை 100 சதவீதம்னு வச்சுட்டுத்தான் ரீடிங் எடுக்கணும். புது சென்சார்கள் உள்ளயே ஒரு மெமரில பழைய ஃபேக்டர் டேபிளை வச்சிருக்கும், ஃப்ரீக்வென்சி குடுத்த உடனே அதுவா எடுத்துப் போட்டுக்கும். அப்படி ஒரு தடவை எங்க லேப்ல எல்லா ஃப்ரீக்வென்சிலயும் ஃபேக்டர் 100க்குப் பக்கத்துல அழகா ஒரே கோடா வந்துச்சு, பையன் சந்தோஷமா பிரிண்ட் எடுத்துட்டு வந்தான். 18 ஜிகாஹெர்ட்ஸ்ல எந்த தெர்மோகப்புள் சென்சாரும் அவ்வளவு நல்ல பிள்ளையா இருக்காது தம்பின்னு திருப்பி அனுப்பினேன். மீட்டர் தானா கரெக்ட் பண்ணினதை நாம மறுபடி அளந்திருக்கோம். அதோட தெர்மோகப்புள், டையோட் சென்சாரோட ஃபேக்டர் பொதுவா 50 மெகாஹெர்ட்ஸ் 1 மில்லிவாட் ரெஃபரன்ஸை வச்சு சொல்றது, தெர்மிஸ்டரோடது அப்சல்யூட். அதனால யுயுசியை முதல்ல ரெஃபரன்ஸ்ல ஜீரோ பண்ணி கேல் பண்ணி, 50 மெகாஹெர்ட்ஸ் பாயிண்ட்டையும் லிஸ்ட்ல சேர்த்து அளந்து, மிச்ச எல்லாத்தையும் அதால வகுத்துக் குடுங்க. எதை வச்சு சொல்றோம்னு சர்டிஃபிகேட்ல ஒரு வரி எழுதணும், எழுதாததால சண்டை வந்த கதை நிறைய.

யுயுசி 3.5 மில்லிமீட்டர், ஸ்டாண்டர்ட் டைப் என் கனெக்டர்னா நடுவுல அடாப்டர் வரும். அடாப்டரை ஸ்டாண்டர்டோட ஒட்டிப் பிறந்ததா நினைச்சு, ஸ்டாண்டர்ட் ஃபேக்டர் × |எஸ்21|² ÷ |1 − எஸ்22 × ஸ்டாண்டர்ட் காமா|² போட்டுக்கோங்க, எஸ்22 சென்சார் பக்கத்துது. ஆனா எஸ்21ஓட அன்சர்ட்டன்டி பவர்ல ரெண்டு மடங்கா உக்காரும், முடிஞ்சா தவிர்த்துடுங்க.

இப்ப பழைய பேப்பரை எடுங்க. ஸ்டாண்டர்ட் அதே 0.4. மிஸ்மேட்ச் போகல, ஆனா கரெக்ஷனுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது விஎன்ஏ அளவோட பிழை மட்டும்தான், ஒவ்வொண்ணும் சுமார் 0.14. கனெக்டர் 0.15, மீட்டர் 0.1, டிரிஃப்ட் 0.1, பிரிட்ஜ் 0.05. கூட்டினா 0.5, கே = 2க்கு 1.0 சதவீதம். புதுசா எதுவும் வாங்கல. இதுக்கு மேல இறங்கணும்னா ஸ்டாண்டர்டோட 0.4 தான் தடை, அதை நம்ம பெஞ்சுல குறைக்க முடியாது, மேல இருக்கிற லேப்தான் குறைக்கணும். ஆகவே இங்கயே நில்லுங்க, 0.05 பிரிட்ஜை 0.03 ஆக்குறேன்னு ராத்திரி உக்காராதீங்க.

ஆனா ஒரு சதவீதம்னு எழுதிட்டா அதைக் காப்பாத்தணும், அதுக்கு செக் ஸ்டாண்டர்ட். லேப்லயே இருக்கிற ஒரு சாதாரண சென்சாரை, வெளிய எங்கயும் அனுப்பாம, ஒவ்வொரு கேலிப்ரேஷன் நாள்லயும் முதல் ஆளா அளந்து நாலஞ்சு ஃப்ரீக்வென்சிக்கு சார்ட் போடுங்க. இன்டர்லேப் கம்பேரிசன்ல ரெண்டு லேப் ரிசல்ட்டோட வித்தியாசத்தை, ரெண்டு அன்சர்ட்டன்டியையும் ஸ்கொயர் பண்ணிக் கூட்டி எடுத்த ரூட்டால வகுத்து 1க்குள்ள வருதான்னு பாக்குறது வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும், சார்ட் தினமும் பேசும். எங்க சார்ட்ல ஒரு நாள் 18 ஜிகாஹெர்ட்ஸ் புள்ளி மட்டும் 0.6 சதவீதம் குதிச்சுது, 1 ஜிகாஹெர்ட்ஸ் புள்ளி அசையவே இல்ல. மேல மட்டும் குதிச்சா கனெக்டர், எல்லாமே சேர்ந்து குதிச்சா பிரிட்ஜ் இல்ல ரெஃபரன்ஸ், இதைச் சுவத்துல எழுதி ஒட்டிக்கோங்க. டெஸ்ட் போர்ட்டைக் கழட்டி லென்ஸ்ல பாத்தா ஃபீமேல் காண்டாக்ட்டோட ஒரு விரல் மட்டும் லேசா உள்பக்கம் சாஞ்சிருக்கு, ரிஜிஸ்டரைப் புரட்டினா முந்தின நாள் வந்த ஒரு சென்சாருக்கு எதிர்ல கேஜ் ரீடிங் கட்டம் காலியா இருந்தது.